பழைய கணினி அடிக்கடி மக்கர் பண்ணுகிறதா: ஃபார்மட்டா, எஸ்எஸ்டியா, லினக்ஸா, வேறு கணினியா?

"ஒரு ஃபார்மட் அடிச்சா சரியாயிடும் சார்" என்கிறார் சர்வீஸ் கடைக்காரர். அண்ணன் மகன் லினக்ஸ் (விண்டோஸுக்குப் பதிலான இலவச இயங்குதளம்) போடச் சொல்கிறான். எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் வேகமான டிஸ்க்) மாற்றியதிலிருந்து தன் கணினி பறக்கிறது என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். வீட்டிலோ, "இதைத் தூக்கிப் போட்டுட்டு வேற வாங்குங்க" என்ற பல்லவி. நான்கு பேர் சொல்வதும் ஏதோ ஒரு கணினிக்குப் பொருந்தும். உங்கள் கணினிக்கு எது பொருந்தும் என்று தெரியாமல் வாசகர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் இந்த ஒப்பீடு.

பேசுவதற்கு வசதியாக ஒரு கணினியை எடுத்துக்கொள்வோம். 2013 வாக்கில் வாங்கிய அசெம்பிள்டு டெஸ்க்டாப். மூன்றாம் தலைமுறை ஐ3 பிராசசர், எச்61 மதர்போர்டு, 4 ஜிபி டிடிஆர்3 ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 7-உடன் வந்து பிறகு 10-க்கு மாறியது. வேர்டு திறந்தால் "நாட் ரெஸ்பாண்டிங்", வாரத்தில் சில முறை ப்ளூ ஸ்கிரீன், சில நாள் பாதி வேலையில் தானாக ரீஸ்டார்ட். இப்படி ஒன்று தமிழ்நாட்டில் தெருவுக்கு நான்கு வீட்டில் இருக்கும்.

## எதை வைத்து எடை போடுவது

ஐந்து கேள்விகள் போதும்.

1. இந்த வழி என் கணினியில் இருக்கும் கோளாறைத் தீர்க்குமா?
2. பாதுகாப்பு அப்டேட் எதுவரை கிடைக்கும்? விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது.
3. பில்லில் வராத செலவையும் சேர்த்தால் மொத்தம் எவ்வளவு?
4. நான் தினமும் தொடும் மென்பொருள், பிரிண்டர், தமிழ் எழுத்துரு எல்லாம் ஓடுமா?
5. மறுபடி தகராறு செய்தால் யார் வந்து பார்ப்பார்கள்?

பெரும்பாலானோர் மூன்றாவது கேள்வியில் ஆரம்பிக்கிறார்கள். முதல் கேள்விக்கு "இல்லை" என்று பதில் வந்தால் மற்ற நான்கைப் பார்ப்பதே வீண். எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) போன கணினிக்கு எத்தனை முறை ஃபார்மட் அடித்தாலும் அது ரீஸ்டார்ட் ஆகத்தான் செய்யும். எனவே கடைக்குப் போவதற்கு முன் ஒரு மாலை நேரத்தைக் கோளாறு எங்கே என்று பார்ப்பதற்கு ஒதுக்குங்கள். இந்த வேலைக்குக் காசு எதுவும் ஆகாது.

## முதலில், கோளாறு எங்கே?

ஸ்டார்ட் மெனுவில் "ரிலையபிலிட்டி" என்று அடித்தால் "வியூ ரிலையபிலிட்டி ஹிஸ்டரி" வரும். நாள்வாரியாகக் கட்டம் போட்ட ஒரு வரைபடம். கணினி சொதப்பிய நாட்களில் சிவப்பு வட்டத்துக்குள் ஒரு பெருக்கல் குறி இருக்கும். அதைத் தொட்டால் எந்த மென்பொருள் விழுந்தது, விழுந்தபோது எந்தக் கோப்பில் இருந்தது என்று கீழே வரிசையாக வரும். கடைக்காரர்கள் இதைத் திறந்து பார்ப்பது அபூர்வம். ஒரு மாதக் கதை அங்கே எழுதி வைத்திருக்கிறது.

எல்லா நாளும் ஒரே மென்பொருள்தான் விழுகிறதா? அப்படியானால் குற்றம் அதன் மேல், அல்லது அதற்குள் போட்ட ஆட்-இன் (கூடுதல் துணை நிரல்) மேல். அதை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுங்கள். இந்தக் கட்டுரையின் மீதியை நீங்கள் படிக்கத் தேவையில்லை.

இன்று குரோம், நாளை வேர்டு, மறுநாள் எக்ஸ்ப்ளோரர் என்று ஆள் மாறி ஆள் விழுகிறார்களா? ப்ளூ ஸ்கிரீனிலும் ஒவ்வொரு தடவை ஒவ்வொரு பெயர், நடுநடுவே "மெமரி மேனேஜ்மென்ட்" என்றும் வருகிறதா? ரேமைச் சந்தேகப்படுங்கள். மின்சார வயரைப் பிடுங்கிவிட்டு ரேமைக் கழற்றி, தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூசு போக ஊதி, மறுபடி அழுத்தி மாட்டுவது நம்மூர் வைத்தியம். சிரிக்காதீர்கள், பல சமயம் பலிக்கிறது. தீரவில்லையென்றால் மெம்டெஸ்ட்86+ என்ற இலவசக் கருவியைப் பென்டிரைவில் போட்டு ராத்திரி முழுக்க ஓட விடுங்கள். காலையில் ஒரே ஒரு சிவப்பு வரி இருந்தாலும் குற்றம் உறுதி. இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள்.

ப்ளூ ஸ்கிரீன்கூட வராமல் பட்டென்று அணைந்து மறுபடி எழுகிறதா? நடந்ததையெல்லாம் விண்டோஸ் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவரில் "கெர்னல்-பவர் 41" என்று ஒரு பதிவு இருக்கும். அதைத் தேடி இணையத்தில் மணிக்கணக்காகப் படிப்பவர்கள் உண்டு. அந்தப் பதிவு சொல்வது, கணினி முறையாக ஷட்டவுன் ஆகவில்லை என்பதை மட்டும்தான். காரணத்தை அது சொல்லாது. பக்கவாட்டுத் தகட்டைத் திறந்து நீங்கள்தான் பார்க்க வேண்டும்: பிராசசர் ஃபேனில் கம்பளி போலத் தூசு, காய்ந்து பொடியான தெர்மல் பேஸ்ட் (பிராசசர் சூட்டைக் கடத்தும் பசை), மதர்போர்டில் தலை உப்பிய கெப்பாசிட்டர், தரமில்லாத எஸ்எம்பிஎஸ். யுபிஎஸ் பேட்டரி போயிருந்தாலும் கரண்ட் ஒரு நொடி ஏறி இறங்கினாலே இப்படித்தான் ஆகும். யுபிஎஸ்ஸைத் தவிர்த்து நேரே சுவரில் மாட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கடைசியாக ஹார்ட் டிஸ்க். இந்த வயதுக் கணினிகளில் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். மவுஸ் மட்டும் நகரும், மற்றதெல்லாம் உறைந்து நிற்கும், முன்பக்க டிஸ்க் விளக்கு அணையாமல் எரியும். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச நிரலைத் திறங்கள். நீலத்தில் "குட்" என்றிருந்தால் ஓரளவு நிம்மதி. மஞ்சளில் "காஷன்" என்றிருந்தால் கீழே 05, சி5, சி6 என்று தொடங்கும் மூன்று வரிகளைப் பாருங்கள். மாற்றி ஒதுக்கிய, படிக்க முடியாமல் தவிக்கிற, கைவிடப்பட்ட செக்டர்களின் (டிஸ்க்கில் தகவல் எழுதும் சின்னக் கட்டங்கள்) எண்ணிக்கை அவை. வலது ஓரத்து எண் பதினாறு அடிப்படையில் இருக்கும். 000000000010 என்று தெரிந்தால் அது பத்து அல்ல, பதினாறு. எண் என்ன என்பதைவிட அடுத்த வாரம் அது கூடியிருக்கிறதா என்பதைக் கவனியுங்கள். சி7 வரி மட்டும் ஏறினால் டிஸ்க் நன்றாக இருந்து, அதை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிள் கெட்டிருக்கலாம். ஐம்பது, நூறு ரூபாய் கேபிளுக்காக டிஸ்க்கைத் தூக்கி எறிந்தவர்கள் இருக்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. டிஸ்க்கில் மஞ்சள் பார்த்தவுடன் "செக்டிஸ்க்" என்ற விண்டோஸின் முழு டிஸ்க் சோதனையை ஓட்டாதீர்கள். சாகப்போகிற டிஸ்க்கை மூலை முடுக்கெல்லாம் படிக்கச் சொல்வது அது. முதலில் புகைப்படம், கணக்கு, சான்றிதழ் ஸ்கேன் எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். மற்றது பிறகு.

இன்னும் தெளிவில்லையா? லினக்ஸின் ஒரு வகையான லினக்ஸ் மின்ட்டை ஒரு 8 ஜிபி பென்டிரைவில் எழுதி, எதையும் நிறுவாமல் அதிலிருந்தே கணினியை இயக்கி, ஒரு மாலை முழுக்க யூடியூப் பாருங்கள். அப்போது விண்டோஸும் வேலை செய்யாது, ஹார்ட் டிஸ்க்கும் வேலை செய்யாது. அப்படியும் கணினி விழுந்தால் கோளாறு ரேம், எஸ்எம்பிஎஸ், மதர்போர்டு, சூடு இவற்றில்தான். கல்லுப் பிள்ளையார் மாதிரி அசையாமல் ஓடினால் விண்டோஸ் அல்லது டிஸ்க். லினக்ஸ் வேண்டவே வேண்டாம் என்பவர்களுக்கும் இந்தப் பரிசோதனை உதவும்.

(தேதி அடிக்கடி பின்னால் போய், எந்த இணையதளம் திறந்தாலும் பாதுகாப்பு எச்சரிக்கை வருகிறதென்றால் மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் செல்லை மாற்றுங்கள். வாட்ச் கடையில் கிடைக்கும். அதற்காக ஃபார்மட் அடித்துக் காசு வாங்கும் கடைகள் இருக்கின்றன என்பதால் சொல்கிறேன்.)

## நான்கு வழிகள், ஒரே பார்வையில்

ரேம், எஸ்எஸ்டி விலை 2025 கடைசியிலிருந்து ஏறத் தொடங்கி நிலையில்லாமல் இருப்பதால் ரூபாய்க் கணக்கு போடவில்லை. வாங்கும் அன்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

| | ஃபார்மட் | எஸ்எஸ்டி + ரேம் | லினக்ஸ் மின்ட் | வேறு கணினி |
|---|---|---|---|---|
| எதைத் தீர்க்கும் | கெட்ட சிஸ்டம் கோப்பு, வைரஸ், டிரைவர் குழப்பம் | சாகும் டிஸ்க், கெட்ட அல்லது போதாத ரேம் | விண்டோஸ் தரப்புக் கோளாறுகள் | எல்லாம் |
| எதைத் தீர்க்காது | வன்பொருள் எதையும் | மதர்போர்டு, எஸ்எம்பிஎஸ் | வன்பொருள் எதையும் | பேக்கப் இல்லாத பழக்கத்தை |
| அப்டேட் | விண்டோஸ் 10 பாதுகாப்பு நீட்டிப்பில் சேர்ந்தால் 2026 அக்டோபர் 13 வரை | எந்த சிஸ்டம் போடுகிறீர்களோ அதன்படி | மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை | விண்டோஸ் 11 |
| கைச்செலவு | குறைவு | நடுத்தரம் | இல்லை | அதிகம் |
| மறைந்திருக்கும் செலவு | எழுத்துரு, கணக்கு, உரிமம் | பழைய போர்டில் போடும் பணம் | டேலி, பிரிண்டர், பழகும் நேரம் | ஆஃபீஸ், மானிட்டர் இணைப்பு |
| யார் பார்ப்பார்கள் | எந்தக் கடையும் | எந்தக் கடையும் | வீட்டில் ஒருவர் தேவை | வாரண்டி இருக்கும்வரை கடை |

## ஃபார்மட்

நம்மூரில் எல்லா நோய்க்கும் முதலில் தரும் மாத்திரை இது. கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. மூன்று மணி நேரம் கோளாறு தேடினால் அதற்கு யாரும் காசு கொடுப்பதில்லை, ஃபார்மட்டுக்குக் கொடுக்கிறோம். அடித்த மறுநாள் கணினி சுறுசுறுப்பாக இருக்கும், வன்பொருள் கோளாறாக இருந்தால் ஒரு மாதத்தில் பழைய கதை திரும்பும்.

மேலே சொன்ன பரிசோதனைகளில் டிஸ்க், ரேம் இரண்டும் நன்றாக இருந்து, பென்டிரைவ் லினக்ஸும் அசையாமல் ஓடியிருந்தால் மட்டும் ஃபார்மட் சரியான வழி. அப்போதும் அதற்கு முன் செய்ய ஒரு படி இருக்கிறது. விண்டோஸ் 10 ஐஎஸ்ஓ கோப்பை (முழு நிறுவல் வட்டின் நகல்) மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இறக்கி, விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதற்குள் இருக்கும் செட்டப்பை இயக்குங்கள். கோப்புகளையும் மென்பொருள்களையும் அப்படியே வைத்துக்கொள்ளவா என்று கேட்கும். ஆம் என்றால் சிஸ்டம் கோப்புகள் மட்டும் புதிதாகும்; உங்கள் சாமான் அதது அதனதன் இடத்தில் இருக்கும். வைரஸ் இல்லாத பட்சத்தில் ஃபார்மட் தரும் பலனில் பெரும்பகுதி இதிலேயே கிடைத்துவிடும். இதை ஏனோ யாரும் சொல்வதில்லை.

முழு ஃபார்மட்டின் உண்மையான விலை பில்லில் இருக்காது. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்புகள் வீட்டில் இருந்தால், ஃபார்மட்டுக்குப் பிறகு அவற்றைத் திறக்கும்போது தமிழ் இருக்காது. ஆங்கில எழுத்தும் குறியீடும் கலந்த குப்பை தெரியும். கோப்பு கெட்டுவிட்டதென்று பதறி அழிப்பவர்கள் உண்டு. எழுத்துரு மட்டும்தான் போயிருக்கும். விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் ஃபாண்ட்ஸ் கோப்புறையை முழுசாக ஒரு பிரதி எடுத்து வைத்தால் இந்த வம்பு இல்லை. டெஸ்க்டாப்பில் குவித்து வைத்ததெல்லாம் சி டிரைவில்தான் இருக்கிறது. டேலி கணக்கு எந்தக் கோப்புறையில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்கள், டிஜிட்டல் கையொப்ப டோக்கனின் டிரைவர், பழைய பிரிண்டரின் டிரைவர் சிடி எல்லாம் கையில் இருக்கிறதா என்றும் பாருங்கள். "டி டிரைவைத் தொட மாட்டோம்" என்ற வாக்குறுதியை நம்பி வேறு பிரதி இல்லாமல் கணினியைக் கடையில் விடாதீர்கள்.

இன்னொன்று உரிமம். உங்கள் விண்டோஸ் 10 முறையாக ஆக்டிவேட் ஆகியிருந்தால் அந்த உரிமம் மதர்போர்டோடு சேர்த்துப் பதிவாகியிருக்கும். அதே பதிப்பை மறுபடி நிறுவி இணையத்தில் இணைத்தால் தானாக ஆக்டிவேட் ஆகும். கடையில் தங்கள் பென்டிரைவில் உள்ள கிராக் பதிப்பைப் போட்டுத் தந்தால் பெரும்பாலும் விண்டோஸின் சொந்த வைரஸ் காவலான டிஃபெண்டரை அணைத்துவிட்டுத்தான் போடுவார்கள். வைரஸுக்காக ஃபார்மட் அடித்து வைரஸோடு வீடு திரும்புவது இப்படித்தான்.

அப்டேட் விஷயத்தில், வீட்டுக் கணினிகளுக்கான பாதுகாப்பு நீட்டிப்பு 2026 அக்டோபர் 13 வரை. செட்டிங்ஸை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு பேக்கப் செய்தால் தனிக் கட்டணம் இல்லை. அது வேண்டாமென்றால் 1,000 மைக்ரோசாஃப்ட் ரிவார்ட்ஸ் புள்ளிகள் அல்லது 30 டாலர். கணினி விண்டோஸ் 10-இன் 22எச்2 பதிப்பில் இருக்க வேண்டும்.

## எஸ்எஸ்டியும் ரேமும்

நமது எடுத்துக்காட்டுக் கணினியில் டிஸ்க் மஞ்சள் என்றால் என் ஓட்டு இதற்குத்தான். எச்61 போர்டில் இருப்பது சாட்டா 2, அதாவது பழைய தலைமுறை டிஸ்க் இணைப்பு. எஸ்எஸ்டியின் முழு வேகம் வராது என்று இணையத்தில் பயமுறுத்துவார்கள். பாதி வேகம்தான் வரும், உண்மை. ஆனால் பழைய டிஸ்க் திணறுவது சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னக் கோப்புகளைத் தேடி எடுப்பதில். அங்கே பாதி வேக எஸ்எஸ்டியும் எங்கேயோ போய்விடும். "நாட் ரெஸ்பாண்டிங்" என்று நிற்பதில் பெரும்பகுதி டிஸ்க்குக்காகக் காத்திருப்பதுதான் என்பதால், க்ராஷ் என்று நீங்கள் நினைத்தவை பலவும் இதோடு நின்றுவிடும். 4 ஜிபி ரேமை 8 ஆக்குவது அடுத்தது. ஆனால் நிறுவியிருப்பது 32 பிட் விண்டோஸாக இருந்தால் 4 ஜிபிக்கு மேல் போட்டும் அது தொடாது; முதலில் 64 பிட்டுக்கு மாறுங்கள்.

கவனிக்க வேண்டியவை சில. சாகிற டிஸ்க்கை அப்படியே குளோன் செய்தால் கெட்டுப்போன கோப்புகளும் சேர்ந்தே வரும். புதிய எஸ்எஸ்டியில் புதிதாக நிறுவி, கோப்புகளை மட்டும் நகர்த்துங்கள். நிறுவும் முன் பயோஸில் (விண்டோஸ் எழும் முன் வரும் மதர்போர்டு அமைப்புத் திரை) சாட்டா பயன்முறை ஐடிஇ என்று இருந்தால் ஏஎச்சிஐ என மாற்றுங்கள். நிறுவிய பிறகு மாற்றினால் விண்டோஸ் எழாமல் ப்ளூ ஸ்கிரீன் காட்டும். மடிக்கணினி ரேமில் டிடிஆர்3, டிடிஆர்3எல் என்று இரண்டு உண்டு, மின்னழுத்தம் வேறு. பழைய ரேமைக் கழற்றிக் கையோடு கொண்டு போங்கள். சென்னையில் ரிச்சி தெருவில் பழைய டிடிஆர்3 செகண்ட் ஹேண்டில் கிடைக்கும், ஆனால் மெம்டெஸ்ட் ஓட்டிப் பார்க்க ஒரு நாள் மாற்று உத்தரவாதம் கேட்டு வாங்குங்கள்.

இந்த வழியில் போட்ட காசு முழுக்க வீணாவதில்லை. எஸ்எஸ்டியை நாளை வேறு கணினிக்கு மாற்றலாம். டிடிஆர்3 ரேமை மாற்ற முடியாது. அதனால் இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் எஸ்எஸ்டி. கெப்பாசிட்டர் உப்பிய போர்டுக்கு இரண்டுமே வேண்டாம்.

## லினக்ஸ் மின்ட்

2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்தவற்றில் விண்டோஸோடு பாஸ் என்ற இந்திய லினக்ஸும் சேர்ந்து வந்தது நினைவிருக்கலாம். பல வீடுகளில் அதைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள். இன்று அதே மாதிரிக் கணினிகளுக்கு லினக்ஸ்தான் நீண்ட ஆயுள் தருகிறது. மின்ட் 22-க்கு 64 பிட் பிராசசரும் குறைந்தது 2 ஜிபி ரேமும் வேண்டும். 4 ஜிபி இருந்தால் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பு நிம்மதியாக ஓடும். பிரவுசர், யூடியூப், ஜூம், வங்கி வேலை, லிப்ரேஆஃபீஸில் கடிதம் இவ்வளவுதான் வீட்டில் நடக்கிறதென்றால் ஒரு குறையும் தெரியாது. தமிழ்99 விசைப்பலகையும் உண்டு. தமிழில் வழிகாட்டிகள் வேண்டுமானால் கணியம் தளத்தில் நிறையவே இருக்கின்றன.

டேலி, பேஜ்மேக்கர், ஃபோட்டோஷாப் வைத்துப் பிழைப்பவர்கள் இந்தப் பக்கம் வர வேண்டாம். ஒயின் என்ற இடைநிரலில் ஓட்டலாம் என்பார்கள். மார்ச் மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும்போது அது நின்றால் என்ன செய்வீர்கள்? பிரிண்டரும் ஒரு பொறி. எச்பி பிரிண்டர்கள் பலவும் மாட்டியவுடன் வேலை செய்யும். நம்மூர் ஜெராக்ஸ் கடைகளில் எங்கும் காணும் கேனான் எல்பிபி 2900 மாதிரி பிரிண்டர்களை லினக்ஸில் ஓட வைப்பதற்குள் தாவு தீர்ந்துவிடும். நிறுவும் முன் பென்டிரைவிலிருந்தே ஒரு பக்கம் அச்சடித்துப் பாருங்கள்.

ஐந்தாவது கேள்வி இங்கேதான் உறைக்கும். தெருமுனைக் கடையில் லினக்ஸ் என்றதும் "விண்டோஸ் போட்டுத் தரட்டுமா?" என்றுதான் கேட்பார்கள். அண்ணன் மகன் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டால் யார் பார்ப்பது என்பதை யோசித்துவிட்டு முடிவெடுங்கள். அவன் தொலைபேசியில் வழிகாட்டக்கூடியவன் என்றால் போதும். சரியாக நிறுவிய மின்ட் அடிக்கடி ஆளைக் கூப்பிடாது.

## வேறு கணினி

மதர்போர்டில் கோளாறு, அல்லது வருமானம் இந்தக் கணினியில்தான் என்றால் யோசிக்க வேண்டாம், மாற்றுங்கள். புதிதுதான் வேண்டும் என்றில்லை. அலுவலகங்களில் இருந்து கழியும் டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் வகை ரீஃபர்பிஷ்டு டெஸ்க்டாப்கள் நல்ல உழைப்பாளிகள். வாங்கும்போது "ஐ7 சார்" என்ற பேச்சில் மயங்காதீர்கள். விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் அதிகாரபூர்வ ஆதரவு, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். ஐ5-8500 என்றால் எட்டு. ஐ7-4770 என்றால் நான்கு. பெயர் பெரிது, விண்டோஸ் 11 இல்லை. ரூஃபஸ் என்ற இலவச நிரல் கொண்டு நிபந்தனையைத் தாண்டிப் போட்டுத் தருகிறோம் என்பார்கள். அப்படிப் போட்டதற்கு அப்டேட் தருவதாக மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் எதுவும் கொடுக்கவில்லை. கோர் 2 டுயோ காலத்துக் கணினிகளில் விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு எழவே எழாது.

பட்ஜெட்டில் விட்டுப்போவது ஆஃபீஸ் உரிமம், பழைய விஜிஏ மானிட்டருக்கு ஒரு கன்வெர்ட்டர், பழைய பிரிண்டருக்குப் புதிய டிரைவர் இல்லாமை.

## எனக்கு என்றால்

டிஸ்க் மஞ்சள், மற்றது நலம்: எஸ்எஸ்டி போட்டு, வீட்டு வேலை மட்டும் என்றால் அதிலேயே மின்ட். டேலி இருந்தால் விண்டோஸ் 10-ஐ நீட்டிப்போடு வைத்துக்கொண்டு, 2026 அக்டோபருக்குள் வேறு கணினிக்குப் பணம் ஒதுக்குவேன். டிஸ்க்கும் ரேமும் நலம், விண்டோஸ்தான் குழப்பம்: கோப்புகளை விட்டுவைக்கும் ரிப்பேர் முறை, அதில் தீராவிட்டால்தான் ஃபார்மட். தானாக அணைகிறது என்றால் தூசு, பேஸ்ட், எஸ்எம்பிஎஸ் வரை செலவு செய்வேன். மதர்போர்டு என்று தெரிந்த நிமிடத்தில் நிறுத்திவிடுவேன்.

பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கிறீர்கள் என்றால் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு கொடுங்கள். குயிக் ஃபார்மட் செய்த டிஸ்க்கிலிருந்து கோப்புகளை மீட்க இலவச நிரல்களே போதும், ஆதார் நகலும் வங்கி ஸ்டேட்மென்ட்டும் அதில் இருந்திருக்கும். டிஸ்க் இல்லாததற்கு அவர்கள் கழிப்பது சொற்பம்தான்.